பிரேக் ஸ்பிரிங்கும் ஒரு மூடி சீனியும்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் பிரேக் சாமான்களோடு மல்லுக்கட்டியவன் என்றதும் இப்போதைய பிள்ளைகள் என்னை ஏதோ பெரிய வித்தைக்காரன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பழைய கார் ஒன்றை வாங்கி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுவிட்டு, போனில் படம் அனுப்பி, "ஐயா, கம்பெனியில இருந்து வந்தப்ப இந்த ராடுக்கு என்ன ஃபினிஷ் இருந்துச்சு? இந்த ஸ்பிரிங் கருப்பா, வெள்ளையா?" என்று கேட்கிறார்கள். நிறம் சொல்வது லேசு. எங்கள் கைக்கு வந்த வெள்ளைக்காரன் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் பிரேக்கைப் பின்னாலிருந்து தாங்குகிற பேக் பிளேட் கருப்பு எனாமலாக இருக்கும். ராடுகளுக்கும் பின்களுக்கும் மங்கலான காட்மியம் முலாம். சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் வெளிப்பக்கம் கருப்பு, உள்பக்கம் வெறும் இரும்பு. இதைப் போனிலேயே சொல்லிவிடுவேன். ஸ்பிரிங் என்று வந்தால் மட்டும் எனக்கு வாய் வராது. "கருப்புப் பெயிண்ட் அடிச்சு விட்டுருங்க தம்பி, முலாம் வேணாம்" என்று சொல்லி போனை வைத்துவிடுவேன். பழைய கார் போட்டியில் மார்க் குறைப்பார்களே என்று கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று இதுவரை யாரிடமும் விளக்கியதில்லை.

எங்கள் பட்டறை மதுரை கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முன்பக்கம் பிரேக் வேலை, பின்பக்கம் முலாம் தொட்டிகள். எழுபதுகளின் தொடக்கத்தில் செக்கானூரணிப் பக்கமிருந்து வந்து சேர்ந்தேன். வீட்டில் எல்லோரும் விவசாயம். ஐந்து வருஷம் தேய்த்தேன், கழுவினேன், தொட்டியைக் கலக்கினேன். படித்ததெல்லாம் அவ்வளவுதான்.

பட்டறைக்கு ஃபோர்மேன் தேவசகாயம் சார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை, பையில் ஒரு சின்ன பூதக்கண்ணாடி. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போடுகிற மனுஷனிடம் ஒரு வசதி உண்டு, எப்போது ஓய்வார் என்று தெரியும். இவர் மெதுவாகப் பேசுவார், எப்போது ஓய்வார் என்று தெரியாது.

சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு காரியம் செய்தேன். சாமான்களை முதலில் ஆசிட்டில் முக்கித் துருவை எடுக்க வேண்டும், பிறகு மூன்று முறை தண்ணீரில் அலச வேண்டும், அதற்குப் பிறகுதான் காட்மியம் தொட்டி. அந்தத் தொட்டியில் இருப்பது சயனைடு. ஆசிட் சொட்டும் கூடையோடு அதன் பக்கம் போனாலே விஷவாயு கிளம்பிவிடும். நான் ஏதோ யோசனையில், அலசாமல், கூடையைத் தூக்கிக்கொண்டு நேராகப் போனேன். தேவசகாயம் சார் குறுக்கே வந்து நின்று என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தபடியே தண்ணீர்த் தொட்டிக்கு நடத்திக்கொண்டு போய் மூன்று முறை அலச வைத்தார். பிறகு சொன்னார்.

"தம்பி, இன்னும் ரெண்டு எட்டு வச்சிருந்தா நீயும் இல்ல, நானும் இல்ல. போயி ஒரு டீ குடிச்சிட்டு வா."

அன்றைக்கு உள்ளே வந்து உட்கார்ந்த பயம் பிறகு எழுந்து போகவேயில்லை. ஒரு வகையில் அதுதான் என்னை வேலைக்காரன் ஆக்கியது.

பழைய காரை அது ஃபேக்டரியிலிருந்து வந்த கோலத்துக்கே திருப்புவது என்ற பைத்தியம் அப்போதுதான் நம் பக்கம் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. எஸ்டேட்காரர்கள், மில்காரர்கள், டாக்டர்கள் கொண்டுவருவார்கள். ஒரு சாமானுக்கு ஆதியில் என்ன ஃபினிஷ் இருந்தது என்று கண்டுபிடிப்பதில் தேவசகாயம் சார் கில்லாடி. உப்புத்தாளைத் தொடவிட மாட்டார். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அழுக்கை மட்டும் எடுப்பார். இரண்டு சாமான் ஒன்றோடொன்று ஒட்டியிருந்த இடம், நட்டுக்கு அடியில், ஸ்பிரிங் கொக்கியின் உள்வளைவு என்று வெயிலும் தண்ணீரும் படாத இடமாகப் பார்த்துப் பூதக்கண்ணாடியை வைப்பார். நகக்கண் அளவு பழைய முலாம் அங்கே தங்கியிருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலையே தொடங்கும்.

அழகுக்கு ஆசைப்பட்டுக் கெட்டவர்களும் உண்டு. ஒரு மில்காரர், நாங்கள் சொல்லச் சொல்லக் கேட்காமல், பிரேக் ஷூ உரசிப் பிடிக்கிற டிரம்மின் உள்பக்கத்துக்கும் வேறொரு பட்டறையில் பெயிண்ட் அடித்துக்கொண்டு வந்தார். பளபளவென்று இருந்தது. பிரேக் பார்ப்பதற்கு எப்போதும் வண்டியூர் தெப்பக்குளத்தைத்தான் ஒரு சுற்று சுற்றுவோம். அன்றைக்கு அவரே ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன். இரண்டாவது திருப்பத்தில் மிதித்தார். வண்டி நிற்கவில்லை. தெப்பக்குளத்துச் சுவர் என் பக்கமாக வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு கரும்புச்சாற்று வண்டி குறுக்கே நின்று எங்களைக் காப்பாற்றியது. கரும்புச்சாற்றுக்காரர் எங்கள் இருவர் பரம்பரையையும் இழுத்துத் திட்டினார். நான் அவரைக் கும்பிட்டுவிட்டு வந்தேன். ஆனால் பெயிண்ட் கண்ணுக்குத் தெரிகிற தப்பு. சுரண்டினால் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத தப்பு ஸ்பிரிங்கில் வரும்.

சக்கரத்துக்குள்ளே பிரேக் ஷூக்களை டிரம்மிலிருந்து பின்னால் இழுத்துப் பிடித்திருப்பது ஸ்பிரிங்தான். அதைக் கெட்டி எஃகில் சுற்றியிருப்பார்கள். ஆசிட்டிலும் முலாம் தொட்டியிலும் போடும்போது ஒரு வாயு எஃகுக்குள் புகுந்துகொள்ளும். உடனே சூட்டில் போட்டு அதை வெளியேற்றிவிட வேண்டும். விட்டால் எஃகு உள்ளுக்குள் நொறுங்கத் தயாராக இருக்கும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் கிடையாது. கையில் வளைத்தாலும் தெரியாது. இழுத்து மாட்டியபடி இருக்கையில், ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து, யாரும் தொடாமலே படக்கென்று ஒடியும். ஒடிந்தால் ஷூ டிரம்மோடு உரசும். ஒடிந்த துண்டு இடையில் சிக்கினால் ஓடுகிற சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

அதற்காகத்தான் ஓவன். ஒரு பழைய இரும்பு பீரோவுக்குள் ஹீட்டர் காயில் வைத்து நாங்களே செய்தது. வெப்பமானி உடைந்துபோய் வெகுநாளாயிற்று. தேவசகாயம் சார் அதற்கொரு வழி வைத்திருந்தார். ஒரு டப்பா மூடியில் ஒரு சிட்டிகை சீனி போட்டு ஸ்பிரிங்குகளோடு உள்ளே வைக்க வேண்டும். சரியான சூடு ஏறினால்தான் சீனி உருகிப் பழுப்பாகும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை சூட்டில் இருக்கும். பிறகு சுவிட்சை அணைத்து, கதவைத் திறக்காமல் மறுநாள் வரை ஆறவிட வேண்டும். காலையில் திறந்ததும் முதலில் சீனியைத்தான் பார்க்க வேண்டும். பிறகு ஸ்பிரிங்குகளை ஆணி அடித்த ஒரு பலகையில் இழுத்து மாட்டி மூன்று நாள் விட வேண்டும். மூன்று நாளில் ஒடியாததுதான் காரில் ஏறும். பலகையில் மாட்டாமல் அனுப்பிய ஒருவனை, நான் பார்க்க, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார். "உன் கைய நம்பி ஒருத்தன் மலை ஏறுறான் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆனையூரில் ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டரம்மா தன் அப்பாவின் காரைக் கொண்டுவந்தார். பெயர் வேண்டாம், எங்களுக்கு டாக்டரம்மாதான். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, காரை அவரேதான் ஓட்டுவார். கொடைக்கானலில் பழைய கார்களுக்கு ஒரு போட்டி. அதற்கு முந்தைய போட்டியில் ஸ்பிரிங்குகளுக்குக் கருப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறது, ஒரிஜினல் இல்லை என்று மார்க் குறைத்திருந்தார்கள். தேவசகாயம் சார் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, கொக்கியின் உள்வளைவில் வெள்ளை முலாம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அப்பா கை பட்டதாயிற்றே என்று டாக்டரம்மா பழைய ஸ்பிரிங்குகளைத் துணியில் சுற்றி டிக்கியில் வைத்துக்கொண்டார். புதிதாகப் பத்து ஸ்பிரிங் சுற்றி வாங்கினோம். எட்டு காருக்கு, இரண்டு கைவசம்.

அந்த வாரம் தேவசகாயம் சார் கண் ஆபரேஷனுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமைதான் வருவார். புதன்கிழமை காலை நானே முலாம் போட்டேன். ஓவனில் அடுக்கினேன். புது மூடி ஒன்றில் சீனி போட்டுக் கையில் வைத்திருக்கும்போது டாக்டரம்மா உள்ளே வந்தார். போட்டிக்காரர்கள் கொடுத்த தாளைக் காட்டி ஏதோ கேட்டார். பதில் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, ஓவன் கதவைச் சாத்தி சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அன்று முழுக்கக் காருக்கு அடியில் படுத்து ராடு மாட்டினேன். தலையைத் தூக்கினால் விளக்கு தெரியும். எரிந்துகொண்டே இருந்தது.

வியாழக்கிழமை காலை திறந்தேன். மூடியில் சீனி நல்ல பழுப்பு. டாக்டரம்மா வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளம்ப வேண்டும் என்றார். மூன்று நாள் பலகைக்கு நேரம் ஏது? சீனிதான் பழுப்பாகிவிட்டதே என்று பலகையில் மாட்டாமல் நேராகக் காரில் மாட்டிவிட்டேன். தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றினேன். பிரேக் வெண்ணெய் மாதிரி இருந்தது. சாயங்காலம் வண்டி ஆனையூர் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அலமாரியைத் துடைத்தேன். டீ கிளாஸுக்குப் பின்னால் ஒரு டப்பா மூடி இருந்தது. அதில் வெள்ளை வெளேரென்று சீனி. எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓவனில் நான் பார்த்த பழுப்பு, போன வாரத்து வேலையின் பழுப்பு. பழைய மூடியை எடுக்கவும் இல்லை, புது மூடியை வைக்கவும் இல்லை. இருந்தாலும் விளக்கு எரிந்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பாலிஷ் போடும் பஷீரிடம் போனேன். கோரிப்பாளையத்துக்காரன், என் வயதுதான், பத்து வருஷப் பழக்கம்.

"மாப்ள, புதன்கெழம கரண்ட் இருந்துச்சுல்ல?"

"எங்க இருந்துச்சு? ஒரு பேஸ் காலைலயே போயிருச்சு. பாலிஷ் மோட்டார் உறுமிக்கிட்டே கெடந்துச்சு, சுத்தல. நான் ஒம்பதரைக்கே வீட்டுக்குப் போயிட்டேனே."

பட்டறைக்கு வருவது மூன்று பேஸ் கரண்ட்; ஓவனின் விளக்குக்கு ஒரு பேஸ், காயிலுக்கு வேறு பேஸ். எந்த பேஸ் போனது, எப்போது திரும்ப வந்தது, யாருக்குத் தெரியும்? ஸ்பிரிங் நன்றாகச் சூடாகியிருக்கலாம். சூடே காணாமலும் இருந்திருக்கலாம். நான் விஷயத்தைச் சொன்னதும் பஷீர் கையிலிருந்த சாமானைக் கீழே வைத்துவிட்டான்.

"டாக்டரம்மாவுக்கு மொதல்ல போனப் போடு."

ஆபீஸ் அறைக்குப் போனேன். ஆஸ்பத்திரி நம்பர் சுவரில் எழுதியிருந்தது. ரிசீவரை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் என் கண்முன் வந்தது மலைப்பாதை இல்லை. திங்கட்கிழமை தேவசகாயம் சார் என் முன்னால் வந்து நிற்பதுதான் வந்தது. எனக்கு இரண்டு பிள்ளைகள், இந்த வேலையை விட்டால் வேறொன்றும் தெரியாது. போன் போட்டால் தப்பு ஊருக்குத் தெரிந்துவிடும். ஸ்பிரிங் நன்றாக இருந்துவிட்டால் போனே தேவையில்லை.

அதனால் கைவசமிருந்த இரண்டு ஸ்பிரிங்கையும் எடுத்துப் பலகையில் இழுத்து மாட்டினேன். இதுவும் அதே வேளையில் முலாம் போட்டதுதானே, இது தாங்கினால் அதுவும் தாங்கும் என்று கணக்குப் போட்டேன்.

"என்ன மாப்ள, போன் போட்டியா இல்லையா?"

"அவுக மூணு மணிக்குத்தான கெளம்புறாக. அம்புட்டு நேரம் இருக்குல்ல. பாப்போம்."

"என்னத்தப் பாக்கப் போற?"

ஒரு முக்காலியைப் பலகைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன். பதினொன்று. பன்னிரண்டு. ஸ்பிரிங் அப்படியே இருந்தது. ஒவ்வொரு அரை மணிக்கும் எனக்கு மூச்சு கொஞ்சம் லேசாயிற்று. ஒரு மணிக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக்கூடத் திறந்தேன். முதல் கவளம் வாய்க்குப் போகுமுன் டிக் என்று ஒரு சத்தம். சுவர்ப்பல்லி சத்தம் அளவுதான் இருக்கும். இடப்பக்க ஸ்பிரிங் இரண்டாகத் தொங்கியது.

ஓடிப்போய் போன் போட்டேன். நர்ஸ் எடுத்தார்.

"டாக்டரம்மா அப்பவே போயிட்டாகளே. கூட்டம் கொறச்சல்னு பன்னெண்டரைக்கே கெளம்பிட்டாக. தங்கச்சி புள்ளைக ரெண்டும் கூடப் போயிருக்கு."

பஷீர் அவன் மச்சான் வீட்டு மோட்டார் சைக்கிளை எடுத்து வந்தான். கருவிப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். சமயநல்லூர் தாண்டும் வரை பஷீர் வேகத்தைக் குறைக்கவேயில்லை. ரோட்டோரம் எங்கே கூட்டம் தெரிந்தாலும் எனக்கு மூத்திரம் முட்டியது. வாடிப்பட்டிக்கு முன்னால் ஒரு லாரியைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். பஷீர் வேகத்தைக் குறைத்தான். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நிலக்கோட்டையில் ஒரு பெட்டிக்கடையில் விசாரித்தோம். பழைய கார் ஒன்று, ஒரு அம்மா ஓட்டிக்கொண்டு போனார், பின்னால் பிள்ளைகள் கையாட்டிக்கொண்டு போயின என்று கடைக்காரர் சந்தோஷமாகச் சொன்னார். அந்தப் பிள்ளைகளின் கையை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு முழுக்க அதுதான் கண்ணுக்குள் ஆடியது. போகிற வழி முழுக்க நான் பெயர் தெரிந்த சாமி அத்தனையையும் கூப்பிட்டேன். பஷீர் காதில் விழும்படி அல்லாவையும் கூப்பிட்டேன்.

வத்தலக்குண்டில் ஊருக்குள் நுழைகிற இடத்தில், ஒரு புளியமரத்தடியில் கார் நின்றது. இரண்டு பெண்பிள்ளைகள், ஏழெட்டு வயது இருக்கும், மரத்தடியில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தன. டாக்டரம்மா பின்சக்கரத்துப் பக்கம் குனிந்து நின்றார். வண்டி நிற்குமுன்னே இறங்கி ஓடினேன்.

"பெரியசாமி? நீங்க எப்படி இங்க? தீஞ்ச வாடை வருதேன்னு இப்பத்தான் நிறுத்துனேன். டிரம்முல கை வைக்க முடியல. கொஞ்சம் ஆறுனதும் கெளம்பலாம்னு இருந்தேன்."

சக்கரத்தைக் கழற்றி டிரம்மை இழுத்தோம். ஒரு ஸ்பிரிங் ஒடிந்து ஷூ உரசிக்கொண்டிருந்தது. ஒடிந்த துண்டு அச்சு ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. சிக்கியிருக்கக்கூடிய இடத்துக்கும் அது கிடந்த இடத்துக்கும் இரண்டு விரல்கடைகூட இல்லை. அங்கிருந்து பத்து மைலில் மலை ஏறத் தொடங்கிவிடும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நான் அந்தத் துண்டைக் கையில் எடுத்து டாக்டரம்மாவிடம் காட்டினேன். சூடேறாமல் போனதையும், சீனி மூடி மாறியதையும், பலகையில் மாட்டாமல் விட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு பிள்ளைகளை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?"

"ஒரு மணிக்கும்மா. தெரிஞ்ச ஒடனே ஓடியாந்துட்டேன்."

பஷீர் எதிர்ச் சக்கரத்தில் நட்டைத் திருகிக்கொண்டிருந்தான். அவன் ஸ்பேனர் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் திருகத் தொடங்கினான்.

டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகளைக் கூப்பிட்டார். "இந்த மாமா மதுரையில இருந்து நமக்காக ஓடி வந்திருக்காரு. தேங்க்ஸ் சொல்லுங்க." இரண்டும் பழக் கையோடு வந்து சொல்லின. டிக்கியில் துணியில் சுற்றியிருந்த அவர் அப்பாவின் ஸ்பிரிங்குகளை எடுத்து எட்டையும் மாற்றினோம். கருப்புப் பெயிண்டோடு போட்டிக்குப் போனார். மார்க் குறைத்தார்களாம். அவர் கவலைப்படவில்லை.

திரும்பும் வழியில் பஷீர் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "நான் சொல்ல மாட்டேன் மாப்ள. ஆனா நீ சொல்லிரு."

திங்கட்கிழமை தேவசகாயம் சார் கண்ணில் பச்சைத் துணியோடு வந்தார். நான் வாயைத் திறக்குமுன் டாக்டரம்மாவின் கடிதம் அவர் கைக்கு வந்துவிட்டது. ஆபரேஷன் செய்த கண்ணுக்கு எழுத்து புலப்படாததால் என்னையே படிக்கச் சொன்னார். தவறு தெரிந்த மறுநிமிஷமே, வேலை போகும் என்று தெரிந்தும், அறுபது கிலோமீட்டர் துரத்தி வந்து மூன்று உயிரைக் காப்பாற்றிய மனிதர் என்று எழுதியிருந்தது. என் வாயால் நானே அதைப் படித்தேன். சார் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"தப்பு எல்லாரும் செய்வான் தம்பி. தெரிஞ்ச ஒடனே எந்திரிச்சு ஓடுறவன் கொறச்சல்."

அவர் விலகிக்கொண்ட பிறகு ஃபோர்மேன் வேலை எனக்கு வந்தது. அந்தக் கடிதத்தை மனதில் வைத்துத்தான் கொடுத்தேன் என்று பட்டறை முதலாளியே சொன்னார். நானும் வாங்கிக்கொண்டேன். இருபது வருஷம் அந்த நாற்காலியில் இருந்தேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஆனையூரிலிருந்து கேக் வரும். என் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தின்பார்கள். நான் ஒரு துண்டு தொட்டதில்லை, சர்க்கரை வியாதி என்று சொல்லி ஒதுங்கிவிடுவேன். எனக்குச் சர்க்கரை கிடையாது. தேவசகாயம் சார் போய்விட்டார், பஷீரும் போய்விட்டான். சொன்ன சொல் மாறாமல் கடைசிவரை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டரம்மா இருக்கிறார். வயது எண்பத்தைந்துக்கு மேல். கண் மங்கலாம். நான் இதை எழுதி அனுப்பும் இந்தப் பத்திரிகையை மாதாமாதம் தங்கை மகள் படித்துக் காட்டுகிறாளாம். அன்றைக்கு மரத்தடியில் பழம் தின்ற இருவரில் மூத்தவள் அவள். அதனால் இதை அவளும்தான் படிப்பாள்.

அம்மா, எனக்குக் காலை பத்து மணிக்கே தெரியும். நீங்கள் அப்போது ஆனையூரில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். போன் என் கையில் இருந்தது.